மீட்டரில் எண்பதாயிரம்: பழைய டீசல் பிக்கப் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

"மைலேஜ் எவ்வளவுங்க?" என்று நம் பக்கம் கேட்டால் லிட்டருக்கு இத்தனை கொடுக்கும் என்றுதான் பதில் வரும். பழைய வண்டி வாங்கப் போகும்போது அது இரண்டாவது கேள்வி. வண்டி இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சொல்லத்தான் மீட்டர் இருக்கிறது, சரி. ஆனால் ஆறு வருட வண்டியும் எண்பதாயிரம், பத்து வருட வண்டியும் எண்பதாயிரம் காட்டும் அதிசயத்தை நான் பழைய வண்டி விற்கும் ஒரே கன்சல்டிங்கில் ஒரே வரிசையில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற புரோக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாருங்ணா, வண்டி ஓடவே இல்லீங்" என்றார்.

பொலேரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ், யோதா என்று எது பார்த்தாலும் நான் போகும் முறை இதுதான். ஒரு டார்ச், பழைய துணி, வண்டிக்கு அடியில் படுக்க ஓர் அட்டை, செல்போனில் மாட்டுகிற சின்ன ஸ்கேனர் இருந்தால் போதும். காலையில் நேரத்திலேயே போய்விட வேண்டும். "நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.

சாவி போடும் முன்: கணக்கும் பின்பாடியும்

2019 மாடல், மீட்டரில் 80,000, நீங்கள் பார்ப்பது ஆறு வருடம் கழித்து என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 13,300 சொச்சம். மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் நாளைக்கு 44 கிலோமீட்டர். ஈரோடு கடைவீதியில் மளிகைச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்கு இது நியாயமான கணக்கு. காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் தவிட்டு மூட்டைக்கும் தேங்காய்க்கும் வைத்திருந்த வண்டி இதைவிடக் குறைவாகக்கூட ஓடியிருக்கும். அதே வண்டி பல்லடத்திலிருந்து பாலக்காட்டுக்குக் கறிக்கோழி ஏற்றியிருந்தால் போகவரச் சுமார் 170 கிலோமீட்டர். மாதம் 25 லோடு போட்டால் வருடத்துக்கு ஐம்பதாயிரம் தாண்டும், ஆறு வருடத்துக்கு மூன்று லட்சம். மீட்டர் சொல்லும் எண்பதாயிரம் ஒன்றரை வருட வேலைதான்.

ஆகவே நான் முதலில் கேட்பது "எவ்வளவு ஓடியிருக்கு?" என்று இல்லை. "என்ன லோடு அடிச்ச வண்டிங்க?" என்றுதான் கேட்பேன். பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, சரக்கு ஏற்றும் பின்பாடிக்குப் போவேன். பின்பாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கோழி வண்டி என்றால் தளத்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையில் துரு தின்றிருக்கும். கழிவுநீர் ஒழுகி ஒழுகி, அடியில் சேசிஸின் குறுக்குச் சட்டம் வரை செதில் செதிலாக உரியும். எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்து முகர்ந்தால் நாற்றம் வரும். பால் வண்டியில் கேன் அடி உரசிய வட்டங்கள் தளம் முழுக்க இருக்கும். பால் வண்டிக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அதற்கு மாதம் 25 நாள் கணக்குப் போடாதீர்கள், 30 போடுங்கள். ஹாலோபிளாக், செங்கல் ஏற்றியது என்றால் தளம் குழிகுழியாக, கதவு ஓரங்கள் வளைந்து இருக்கும். அது அதிகம் ஓடியிருக்காது, ஆனால் பாரத்தில் அடிபட்டிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனித் துணி ரோல் ஏற்றிய வண்டியில் தளம் பெயிண்ட் போகாமல் அழகாக இருக்கும். ஆனால் தார்ப்பாய்க் கயிறு கட்டும் கொக்கிகளைப் பாருங்கள். கயிறு ஓடி ஓடி அவை வெள்ளிபோலப் பளபளத்தால், தளம் சொல்வதை நம்ப வேண்டாம். பெருந்துறைப் பக்கம் ஒரு முறை "வீட்டு உபயோகத்துக்கு வச்சிருந்ததுங்க" என்று காட்டிய வண்டியில் கதவுக் கீலின் இடுக்கில் ஆணியை விட்டு எடுத்தேன். நுனியில் மஞ்சள் தூள். மஞ்சள் மண்டிக்குத் தினமும் போகிற வண்டி அது. விற்றவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மீட்டர் குறைவு, ஆனால் கால் படும் இடமெல்லாம் தேய்வு

கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் அழிந்து வழுவழுவென்று இருந்தால் அது எண்பதாயிரத்தில் ஆகும் வேலை இல்லை. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். விலை குறைந்த பொருள், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ரப்பரை ஓரமாகத் தூக்கி அடியிலுள்ள இரும்பைப் பாருங்கள். ரப்பர் இல்லாமலே மாதக்கணக்கில் மிதித்திருந்தால் இரும்பின் ஒரு மூலை மட்டும் தேய்ந்து மினுங்கும்.

பிறகு ஆக்சிலேட்டருக்குக் கீழே குதிகால் ஊன்றும் இடம். மேலே புது மேட் போட்டிருப்பார்கள், தூக்கிப் பாருங்கள். டிரைவர் சீட்டின் வலது ஓரம் உட்கார்ந்துபோயிருக்கிறதா? நாளைக்கு நாற்பது தடவை இறங்கி ஏறுகிறவர் அந்த ஓரத்தில்தான் சறுக்கி இறங்குவார். புது சீட் கவர் என்றால் மேலிருந்து அழுத்துங்கள், ஸ்பாஞ்சின் பள்ளம் கைக்குத் தெரியும். ஸ்டீயரிங்குக்கு உறை போட்டிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கியர் நாபில் எண் அழிந்திருக்கிறதா, டிரைவர் பக்கக் கதவு கீலில் தொங்குகிறதா என்பதும் இதே கணக்கில் சேரும்.

இவற்றில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை என்றால் விட்டுவிடலாம். சில டிரைவர்கள் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுவார்கள். மூன்று நான்கு இடம் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால் அதை நம்புங்கள்.

டிஜிட்டல் மீட்டர், எண் நம்பும்படி இல்லை

கேபிள் ஓடிய பழைய மீட்டரில் எண்கள் உருளும். யாராவது பிரித்துத் திருத்தியிருந்தால் இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும், கண்ணுக்கே தெரியும். ஐந்து இலக்க மீட்டர் என்றால் 99,999 தாண்டி மறுபடி பூஜ்யத்துக்கு வந்ததாகவும் இருக்கலாம். டிஜிட்டலில் இந்த வசதி இல்லை. எண் மீட்டருக்குள்ளே ஒரு சிப்பில் இருக்கிறது. தெரிந்தவர் லேப்டாப்பை மாட்டினால் டீ ஆறுவதற்குள் வேண்டிய எண்ணை எழுதிவிடுவார். வெளியே கீறல்கூட இருக்காது. மீட்டரைக் கழற்றிச் செய்திருந்தால் மட்டும் சுற்றியுள்ள திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய தடம், உடைந்த கிளிப், கண்ணாடியின் உள்பக்கம் விரல்ரேகை என்று ஏதாவது மிச்சமிருக்கும்.

ஸ்கேனர் உதவுவது இங்கேதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இடம்) மாட்டி, செல்போனில் பாருங்கள். சில வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டரான இசியூ தனியாக ஒரு கிலோமீட்டர் கணக்கு வைத்திருக்கும். மீட்டரை மாற்றுகிறவர் அதையும் மாற்ற மறந்திருந்தால் வேலை முடிந்தது. அது கிடைக்காவிட்டால் "பிழைக் குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஓர் அளவு வரும். மீட்டர் 41,000 காட்டும்போது இது 58,000 காட்டினால் இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. இந்த அளவு 65,535க்கு மேல் எண்ணாது, ஆகவே பெரிய எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். அதே இடத்தில் 12 கிலோமீட்டர் என்று வந்தால் அது வேறு செய்தி: நேற்றோ முந்தாநாளோ யாரோ பிழைகளை அழித்துவிட்டு வண்டியை உங்களுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். என்ன பிழை, ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள்.

என்ஜின் ஓடிய மணிநேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கிலோமீட்டரை மணிநேரத்தால் வகுங்கள். டவுனும் ஹைவேயும் கலந்து ஓடும் பிக்கப்புக்கு மணிக்குச் சராசரி 25 முதல் 35 கிலோமீட்டர் வரை வரும். 80,000 கிலோமீட்டருக்கு 9,000 மணிநேரம் என்றால் சராசரி 9 கூட இல்லை. சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும்.

ஒன்று சொல்ல வேண்டும். மீட்டர் மாறியிருப்பதெல்லாம் திருட்டு இல்லை. மழைத்தண்ணீர் இறங்கி மீட்டர் போர்டு போவது உண்டு. அப்படி மாற்றியவரிடம் பில் இருக்கும், பழைய ரீடிங்கைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்.

டெஸ்ட் டிரைவில் மீட்டர் நகரவில்லை

"ஒயர் கழண்டிருக்குங், நாளைக்கு மாட்டிக்கலாங்." வேக சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டால் வண்டி ஓடும், கிலோமீட்டர் ஏறாது. எவ்வளவு நாளாகக் கழன்றிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் மீட்டர் ஓடாத வண்டியில் நான் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. வயதை வைத்து, லோடை வைத்து மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வேன். மீட்டர் ஓடினாலும் செல்போன் மேப்பைப் போட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மீட்டரும் பத்தை ஒட்டி ஏற வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது செக் என்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு எல்லாம் ஒரு முறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

டயர் வயது மீட்டரோடு ஒத்துப்போகவில்லை

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் தயாரித்தது. 2019 வண்டி, மீட்டரில் 30,000, ஆனால் நான்கு டயரும் 2023 என்றால் முதல் செட் எங்கே போனது? லோடு வண்டியாக இருந்தாலும் முப்பதாயிரத்துக்குள் முழு செட்டும் போவது அரிது. பின் டயர் மட்டும் மாறியிருந்தால் இயல்பு. பழைய டயரில் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் போட்டிருந்தால், தரையில் படும் பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம், பக்கச் சுவரின் எண்ணைப் பாருங்கள். அப்புறம் ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். பலர் அதை மறந்துவிடுவார்கள். வண்டியோடு வந்த ஒரிஜினல் டயர் பட்டன் தேய்ந்து மொட்டையாகத் தொங்கினால் அதுவும் ஒரு சாட்சி.

காகிதம் வேறு எண் சொல்கிறது

என் சொந்தக் கதை இது. நான் வாங்கிய இரண்டாவது பிக்கப், ஐந்து வருட வண்டி, மீட்டரில் 71,200. மேலே சொன்ன எதையும் நான் பார்க்கவில்லை. பெயிண்டைப் பார்த்தேன், புது சீட் கவரைப் பார்த்தேன், டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பஞ்சர். ஜாக்கி எடுக்க சீட்டின் முதுகைச் சாய்த்தால், ஜாக்கிக்கு அடியில் ஆயில் கடை அட்டை ஒன்று மடங்கிக் கிடந்தது. ஓரத்தில் கிரீஸ் பெருவிரல் ரேகை. நீல பால்பாயிண்டில் எழுதியிருந்தது: "ஆயில் மாற்றியது 1,84,310. அடுத்து 1,94,310." தேதி நான் வாங்குவதற்குப் பதினொரு மாதம் முந்தையது. ரோட்டோரத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்து அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். விற்றவருக்கு போன் போட்டேன். "அது வேற வண்டி அட்டையா இருக்குமுங்" என்றார். அட்டையில் வண்டி நம்பரும் எழுதியிருந்தது.

ஆகவே சீட்டுக்குப் பின்னால், டேஷ்போர்டு பெட்டிக்குள், சன் வைசர் இடுக்கில், கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் எல்லாம் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவின் மேலும், ஆயில் ஃபில்டரின் மேலும் மெக்கானிக்குகள் மார்க்கரில் கிலோமீட்டர் எழுதிவைப்பார்கள். கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டி என்றால் சேசிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் வரலாறு எடுக்கலாம், உரிமையாளரையும் கூட அழைத்துப் போங்கள். இன்சூரன்ஸ் காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் அப்போது எடுத்த இன்ஸ்பெக்‌ஷன் போட்டோவில் மீட்டர் இருக்கும்.

அப்புறம் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியிலிருந்து டோல்கேட்டில் கட்டாயம் என்பதால் அதற்குப் பின்னான ஓட்டத்தின் டைரி மாதிரி அது. உரிமையாளரின் செல்போனிலேயே ஸ்டேட்மெண்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் டோல்கேட் மூன்றும் ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தால் வண்டி கோவைக்கும் சேலத்துக்கும் போய்வருகிறது. ஒரு பக்கமே 160 கிலோமீட்டர். மாதம் பத்து ட்ரிப் என்றாலே 3,200, வருடத்துக்கு 38,000. "லோக்கல் ஓட்டந்தானுங்" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். டோலே இல்லாத தாராபுரம், கோபி உள்ரோட்டு வண்டிகளுக்கு இந்த வழி உதவாது.

புதுப் பெயிண்ட் அடித்திருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். லோடு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப்பின் வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. எஃப்சிக்குப் போகும் முன் பெயிண்ட் அடிப்பது இங்கே வழக்கம். எஃப்சி தேதி தூரத்தில் இருக்கும்போது புதுப் பெயிண்ட் வாசம் வந்தால் கேளுங்கள்.

என்ஜின் வயது மீட்டரைவிட அதிகம்

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்து, வாயிலிருந்து பீடி புகை மாதிரி விட்டுவிட்டு வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்து, எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. நன்றாகப் பராமரித்த டீசல் என்ஜின் எண்பதாயிரத்தில் இப்படி ஆகாது. ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள், அல்லது எண் பொய். இரண்டில் எதுவானாலும் செலவு உங்களுடையது.

சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்குக் காரணம் ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ இன்ஜெக்டராகவோ இருக்கலாம், அதை வைத்துக் கிலோமீட்டரைச் சொல்ல முடியாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் என்ஜினில் அது சில நாளிலேயே கறுக்கும். தேன் நிறத்தில் இருந்தால் விற்பதற்காக நேற்று மாற்றியது.

என்ஜின் வேலை பார்த்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஹெட் சேரும் இடத்தில் பிதுங்கிய புது பேஸ்ட், போல்ட் தலைகளில் ஸ்பேனர் தடம். கோவையிலும் நாமக்கல்லிலும் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, ஹெட் பிளேன் செய்து தரும் நல்ல லேத்துகள் இருக்கின்றன, செய்த வேலை தப்பில்லை. பில் காட்டி "ரெண்டு லட்சம் கிலோமீட்டர்ல இன்ஜின் வேலை பார்த்தமுங்க" என்று சொல்கிறவர் வண்டியை நான் தயங்காமல் பார்ப்பேன். எண்பதாயிரத்தில் ஏன் என்ஜினைப் பிரித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர் வண்டியைப் பார்க்க மாட்டேன்.

கியர் பெட்டி, ஜாயிண்ட், கிரௌன் விஷயத்தில் சுருக்கமாக: மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் கியர் தானாக வெளியே வரக்கூடாது. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகினால் ஜாயிண்டில் "டக்" சத்தம் கூடாது. ஐம்பது வேகத்துக்கு மேல் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சின் கிரௌன் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

மீட்டர் உண்மைதான், ஆனாலும் வண்டி களைத்திருக்கிறது

இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். டிஎன் 43 ஊட்டி வண்டி, தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் காய்கறி கொண்டுவந்த வண்டி எல்லாம் குறைந்த கிலோமீட்டரே காட்டும், எண்ணும் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஓடிய தூரத்தில் பாதி முதல் கியரிலும் இரண்டாவதிலும் போயிருக்கும். பிரேக் டிரம் விளிம்பில் விரலைத் தடவினால் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருக்கும். கிளட்ச் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கும். பின் ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தால் எப்போதும் ஓவர்லோடு. மலை வண்டிக்கு மீட்டர் காட்டுவதை ஒன்றரைப் பங்காக வைத்தே நான் விலை பேசுவேன். இது என் சொந்தக் கணக்கு.

மீட்டர் 2,40,000, வண்டி இறுக்கமாக இருக்கிறது

வாங்குங்கள். பத்தாயிரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றிய பில், ஒரே உரிமையாளர், கேட்ட கேள்விக்கெல்லாம் நேர்ப் பதில், இதெல்லாம் இருந்தால் அந்த எண்ணுக்குப் பயப்படவே மாட்டேன். அடுத்து கிளட்சும் டயரும் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேட்கலாம். எண்பதாயிரம் என்று பொய் சொல்லும் வண்டியில் எதைக் கழிப்பது?

பேச்சு முடிந்து டோக்கன் கொடுக்கும் முன் ஒரே ஒரு வேலை. டெலிவரி நோட்டில் தேதி, நேரத்தோடு மீட்டர் ரீடிங்கையும் எழுதி, "இந்த ரீடிங் மாற்றப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துக் கேளுங்கள். போன மாதம் என் மச்சானுக்கு வண்டி பார்க்கப் போன இடத்தில் அப்படித்தான் கேட்டேன். அதுவரை அண்ணா அண்ணா என்று பேசிக்கொண்டிருந்த புரோக்கர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரீடிங்க நாங்க எழுதறதில்லீங்ணா, ஓனரைக் கேட்டுச் சொல்றனுங்" என்றார். இன்னும் போன் வரவில்லை. மச்சான் இப்போது வெள்ளகோவிலில் வேறு வண்டி பார்த்து வைத்திருக்கிறான். மீட்டரில் 1,96,000.